கார் இன்ஜின் ஏன் சத்தம் போடுது? எதுக்கு பயப்படணும், எதுக்கு பயப்பட வேணாம்

ஒர்க்‌ஷாப்புக்கு வர்றவங்க பெரும்பாலும் சொல்றது ஒரே வரிதான், "அண்ணே, இன்ஜின்ல ஏதோ சவுண்டு வருது". மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணிப் பாப்பாரு, அதுக்குள்ள வண்டி சூடாகி சத்தம் அடங்கிப் போயிருக்கும். அப்புறம் பெல்ட்டை மாத்தலாம், டப்பெட் பாக்கலாம், மவுண்ட் போயிருக்கும்னு ஒவ்வொண்ணா மாத்தி காசு போயிட்டே இருக்கும், சத்தம் மட்டும் போகாது. இதுல மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாதுங்க. சத்தம் எப்ப வருது, எதோட சேந்து வருதுங்கற விவரம் தினமும் ஓட்டுற உங்ககிட்டதான் இருக்கு. அதை ஒழுங்கா சொன்னாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

முதல்ல பாக்க வேண்டியது சத்தம் எது பின்னாடி போகுதுங்கறதை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல வச்சு ஆக்சிலேட்டரை லேசா மிதிங்க. ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து, ஏற ஏற சத்தமும் வேகமாகுதுன்னா அது இன்ஜின், இல்லன்னா இன்ஜினோட சேந்து பெல்ட்ல சுத்துற ஏதோ ஒண்ணு. நின்ன இடத்துல ரேஸ் பண்ணா ஒண்ணுமே இல்ல, ஆனா வண்டி 50, 60ல போறப்ப மட்டும் ஊங்ங்னு வருதுன்னா வீல் பேரிங், டயர் பக்கமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதுக்கு பானெட்டைத் திறந்து பிரயோஜனம் இல்ல. அடுத்தது, காலைல மொத ஸ்டார்ட்ல வருதா, நல்லா சூடானப்புறம் வருதா. அதுக்கப்புறம் லோடு, அதாவது மேடு ஏறுறப்ப, ஏசி போட்டப்ப, நாலு பேரை ஏத்திட்டு போறப்ப கூடுதா. மேனுவல் கியர் வண்டின்னா இன்னும் ஒண்ணு இருக்கு, ஐடிலிங்ல, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுறப்ப, கிளட்சை மிதிச்சுப் பாருங்க, மிதிச்சதும் சத்தம் நின்னா கியர்பாக்ஸ் பேரிங் பக்கம் சந்தேகப்படலாம், மிதிச்சதும்தான் சத்தம் ஆரம்பிக்குதுன்னா கிளட்ச் ரிலீஸ் பேரிங். சீட்ல உக்காந்து கேக்குறப்ப இது ரெண்டும் அப்படியே இன்ஜின் சத்தம் மாதிரிதான் இருக்கும்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாப்போம். 3000 ஆர்பிஎம்ல ஓடுற இன்ஜின்ல ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு செகண்டுக்கு 50 தடவை மேல போய் கீழ வருது. நாலு சிலிண்டர்னா ஒரு செகண்டுக்குள்ள 100 தடவை உள்ள எரிபொருள் எரியுது. இவ்வளவு இரும்பும் அலுமினியமும் இந்த வேகத்துல ஆடியும் நமக்கு ஒரு மெல்லிய உறுமல் மட்டும் கேக்குதுன்னா, அதுக்கு முக்கியமான காரணம் நடுவுல நிக்கிற ஆயில் படலம்தான். அந்த படலம் மெலிஞ்சா உலோகமும் உலோகமும் தட்டிக்கும். அதனால இன்ஜின் சத்தம்னு வந்தா வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்க.

அதை எப்படி பாக்கறதுன்னு நிறைய பேருக்கு யாரும் சொல்லித் தர்றதே இல்ல. சமமான இடத்துல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, மேல ஏறின ஆயில் எல்லாம் கீழ சேம்பர்ல வந்து சேரணும். ஸ்டிக்கை உருவி துணியால சுத்தமா துடைச்சு, திரும்ப முழுசா உள்ள விட்டு, மறுபடி உருவுங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஆயில் நிக்கணும். கீழ் கோட்டுக்கும் கீழன்னா உங்க சத்தத்துக்கு காரணம் அங்கயே கிடைச்சிருக்கலாம். மேல் கோட்டைத் தாண்டி ஊத்துறதும் தப்பு, பிஸ்டன்கள் சுத்த வைக்கிற தண்டு, அதாவது கிராங்க், அந்த ஆயில்ல அடிச்சு நுரை ஆக்கிரும், நுரையால சரியா லூப்ரிகேட் பண்ண முடியாது. டேஷ்போர்டுல சிவப்பா எரியுற அந்த ஆயில் டப்பா லைட் இருக்கே, பெரும்பாலான கார்கள்ல அது ஆயில் எவ்வளவு இருக்குன்னு காட்டுறது இல்ல, ஆயில் அழுத்தம் விழுந்திருச்சுன்னு சொல்லுது. ஓடிட்டு இருக்கறப்ப அது எரிஞ்சா "வீடு பக்கம்தான், போயிரலாம்"னு நினைக்கவே நினைக்காதீங்க. ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணுங்க. அந்த ரெண்டு கிலோமீட்டர்ல பேரிங் போயி இன்ஜினையே இறக்கி வேலை பாக்கற நிலைமைக்கு வந்த வண்டிகள் எத்தனையோ.

சரி, ஆயில் குறைஞ்சா மொதல்ல எந்த சத்தம் வரும்? பொதுவா டப்பெட் சத்தம். இன்ஜினோட மேல் பக்கத்துல இருந்து, தையல் மெஷின் ஓடுற மாதிரி டிக் டிக் டிக்னு லேசா, ஒரே சீரா வரும். காத்தும் புகையும் போய் வர்ற வால்வைத் திறந்து மூடுறது கேம்ஷாஃப்ட் (கேம்), அதோட தள்ளலை வால்வுக்குக் கொண்டு போறது டப்பெட். கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல சூடானா விரியுறதுக்காக ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பாங்க, பெரும்பாலான இன்ஜின்கள்ல அது 0.1லிருந்து 0.3 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும். தேய்மானத்துல அது கூடிப்போனா ஒவ்வொரு தடவையும் உலோகம் ஒரு சின்ன தட்டு தட்டும். பழைய மாருதி 800 மாதிரி வண்டிகள்ல ஹெட் கவரைக் கழட்டி, ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பாத்து ஸ்க்ரூவைத் திருப்பி செட் பண்ணுவாங்க. இப்ப வர்ற பல இன்ஜின்கள்ல ஆயில் அழுத்தத்துலயே தானா இடைவெளியை சரி பண்ணிக்கிற ஹைட்ராலிக் டப்பெட் இருக்கு. ராத்திரி பூரா நின்ன வண்டில அதுல இருந்து ஆயில் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால காலைல ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு மூணு செகண்ட் டிக் டிக்னு வந்து அடங்குனா கவலைப்பட ஒண்ணும் இல்ல. அடங்காம வந்துட்டே இருந்தாத்தான் பாக்கணும்.

டப்பெட் சத்தத்தை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா கேம் ஒரு சுத்துதான் சுத்தும். ஐடிலிங் 800 ஆர்பிஎம்னு வச்சுக்கிட்டா கிராங்க் செகண்டுக்கு 13 சுத்து, கேம் ஆறு ஏழு சுத்து. ஒரு டப்பெட் மட்டும் தட்டுனா செகண்டுக்கு ஆறு ஏழு தட்டுதான் வரும், காதால எண்ண முடியாட்டியும் இன்ஜின் வேகத்தை விட நிதானமா இருக்குன்னு தெரியும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரோட நுனியை ஹெட் கவர் மேல வச்சு பிடியை காதோட ஒட்டி வச்சுக் கேப்பாரு, ஒவ்வொரு சிலிண்டரா நகத்திட்டே போனா எந்த இடத்துல தட்டு கூர்மையா கேக்குதோ அதுதான் இடம்.

இதுல ரொம்ப பேர் பண்ற ஒரு விஷயம் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. சத்தம் வருதுன்னதும் கெட்டியான ஆயிலை ஊத்துறது. 0டபிள்யூ-20 ஊத்த வேண்டிய இன்ஜின்ல 20டபிள்யூ-50 ஊத்துனா சத்தம் குறையும், உண்மைதான், கெட்டியா இருக்கறதால இடைவெளியை நிரப்பும். ஆனா அந்த இன்ஜினோட ஆயில் வழிகள் எல்லாம் மெல்லிசான ஆயிலுக்குன்னு கணக்குப் போட்டு செஞ்சது, காலைல குளிர்ந்த இன்ஜின்ல அந்த கெட்டி ஆயில் மேல ஏறி கேமுக்கு போய் சேர நேரம் எடுக்கும், தேய்மானம் அதிகமா நடக்குறதே அந்த நேரத்துலதான். நோய் அப்படியே இருக்கும், அறிகுறி மட்டும் மறைஞ்சிரும். மேனுவல் புக்குல எந்த கிரேடு போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. ஆயில் ஃபில்டரும் அப்படித்தான். நல்ல ஃபில்டருக்குள்ள, வண்டி நிக்கும்போது ஆயில் கீழ இறங்கிராம தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும், பல மலிவு ஃபில்டர்ல அது இருக்காது, இல்லன்னா இருந்தும் வேலை செய்யாது. சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் காலைல சத்தம் வர ஆரம்பிச்சதுன்னா மொதல்ல அந்த ஃபில்டரை சந்தேகப்படுங்க.

காலைல வர்ற இன்னொரு சத்தம், கிராங்கையும் கேமையும் இணைக்கிற டைமிங் செயின். இது இன்ஜினோட ஒரு பக்கவாட்டுல இருந்து கடகடன்னு வரும், டிக் டிக்னு தனித்தனியா இல்லாம செயின் எதுலயோ உரசி அடிக்குற மாதிரி. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பல இன்ஜின்கள்ல ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யும், அதனால ஆயிலை லேட்டா மாத்துற வண்டிகள்ல செயினும் சீக்கிரம் தேயும், டென்ஷனரும் தளரும். ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நொடி கடகடன்னு வந்து நின்னா உடனே பதற வேணாம், ஆனா வாரத்துக்கு வாரம் அந்த நேரம் நீளுதுன்னா தள்ளிப் போடாதீங்க. செயின் ஒரு பல்லு நழுவுனாலே வால்வும் பிஸ்டனும் நேரம் தவறும், இப்ப வர்ற பெரும்பாலான இன்ஜின்கள்ல மோசமா நழுவுனா ரெண்டும் மோதி வால்வு வளைஞ்சிரும். டைமிங் பெல்ட் இருக்கற இன்ஜின்ல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா ரப்பர் பெல்ட் இப்படி முன்கூட்டி சத்தம் குடுக்கும்னு நம்ப முடியாது, மேனுவல்ல எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷம்னு போட்டிருக்கோ அதுல எது முதல்ல வருதோ அப்ப மாத்திரணும்.

இப்ப உண்மையிலேயே பயப்பட வேண்டிய சத்தம். கீழ இருந்து, ஆழமா, டொக் டொக் டொக்னு சுத்தியலால தட்டுற மாதிரி. ஆக்சிலேட்டர் குடுத்தா வேகமாகும், லோடு ஏறுனா கனமாகும், சூடாகி ஆயில் இளகுனப்புறம் இன்னும் மோசமாகும். இது கனெக்டிங் ராடு பேரிங். பிஸ்டனை கிராங்கோட இணைக்கிற ராடுக்கு அடியில ரெண்டு அரைவட்டத் தகடு இருக்கும், அதுக்கும் கிராங்குக்கும் நடுவுல மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்கு இடைவெளிதான், அதுல ஆயில் நிக்கும். அந்தத் தகடு தேஞ்சா ஒவ்வொரு எரிப்புக்கும் ராடு போய் கிராங்கை அறையும். மெக்கானிக் இதை உறுதிப்படுத்துறது எப்படின்னா, ஐடிலிங்ல ஒவ்வொரு சிலிண்டரா, எரிபொருள் தெளிக்கிற இன்ஜெக்டரோட கனெக்டரைப் பிடுங்கி பாப்பாங்க, எந்த சிலிண்டரை நிறுத்துனா டொக் டொக் மெலியுதோ அங்கதான் பேரிங் போயிருக்கு. இந்த சத்தத்தோட வண்டியை ஓட்டிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு போகவே கூடாது, தூக்கிட்டு போற வண்டியைக் கூப்பிடுங்க. ராடு உடைஞ்சா பிளாக்கையே ஓட்டை போட்டுட்டு வெளிய வரும். அதுவரைக்கும் கிராங்கை கிரைண்டிங் பண்ணி, புது பேரிங் போட்டு காப்பாத்த முடிஞ்ச இன்ஜின், அதுக்கப்புறம் வெறும் பழைய இரும்புதான்.

சென்னைக்காரங்களுக்கு இதுல தனியா ஒண்ணு சொல்லணும். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்பவும் சரி, எத்தனையோ கார் தண்ணில நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஓடுதான்னு பாப்போம்னு சாவியைத் திருப்புறதுதான் அப்ப பண்ணவே கூடாத வேலை. காத்து உள்ள போற வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா, காத்தை அமுக்குற மாதிரி தண்ணியை அமுக்க முடியாது, பிஸ்டன் மேல வர முடியாம ராடு வளைஞ்சிரும். சில வண்டில லேசா மட்டும் வளைஞ்சு இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓடவும் செய்யும், கொஞ்ச நாள் கழிச்சு டொக் டொக் ஆரம்பிக்கும். தண்ணில நின்ன வண்டின்னா பேட்டரியைக் கழட்டி விட்டுட்டு, மெக்கானிக் பிளக்கைக் கழட்டி உள்ள தண்ணி இருக்கான்னு பாத்த அப்புறம்தான் ஸ்டார்ட்.

குளிர்ல மட்டும் வந்து சூடானா மறையுற ஒரு மந்தமான தட்டல் இருக்கு, பிஸ்டன் சிலிண்டர் சுவத்துல மோதுறது, பிஸ்டன் ஸ்லாப்னு சொல்லுவாங்க. ரொம்ப ஓடுன இன்ஜின்ல வரும். சூடானதும் பிஸ்டன் விரிஞ்சு இடைவெளி குறையுறதால நின்னுரும். ராடு பேரிங் சூட்டுல கூடும், இது சூட்டுல குறையும், இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கங்க. புகை வராம, ஆயில் குடிக்காம இருந்தா பல வருஷம் இப்படியே ஓடும்.

அடுத்தது நாக்கிங். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற பாதையில மூணாவது கியர்லயே இழுத்துரலாம்னு ஆக்சிலேட்டரை முழுசா அமுக்குறப்ப கிளிங் கிளிங்னு, கண்ணாடிக் குண்டுகளை டப்பால போட்டு ஆட்டுன மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுதான். ஸ்பார்க் பத்தவச்ச நெருப்பு சீரா பரவிட்டு இருக்கும்போதே, மூலையில மிச்சம் இருக்கற பெட்ரோல் காத்துக் கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிச்சிருது. கியரை இறக்குனா பெரும்பாலும் நின்னுரும், அதனால மொத மருந்து அதுதான், செலவே இல்லாதது. இப்ப வர்ற கார்ல நாக் சென்சார் இந்த அதிர்வைக் கேட்டு இன்ஜினோட கம்ப்யூட்டரான இசியுகிட்ட சொல்லி ஸ்பார்க்கை கொஞ்சம் தள்ளிப் போட வச்சிரும், அதனால சத்தம் அதிகம் தெரியாது, இழுவை குறையுறதுதான் தெரியும். எல்லா ரோட்லயும் நாக்கிங் அடிக்குதுன்னா உள்ள கார்பன் படிஞ்சிருக்கலாம், பிளக் தப்பான வகையா இருக்கலாம், இன்ஜின் ஓவர் ஹீட் ஆகலாம், பெட்ரோலே மோசமா இருக்கலாம். பிஎஸ்6 விதி வந்தப்ப சாதாரண பெட்ரோலுக்கு ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்குற அளவு, குறைஞ்சது 91, பிரீமியத்துக்கு 95னு இருந்துச்சு. உங்க இன்ஜின் 91க்குன்னு செஞ்சதுன்னா பிரீமியம் ஊத்தி பெரிய லாபம் இல்ல, மேனுவல்ல 95 கேட்டிருந்தா ஊத்தியே ஆகணும்.

டீசல் வண்டி வச்சிருக்கவங்க இந்த நாக்கிங் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. டீசல்ல ஸ்பார்க்கே கிடையாது, காத்தை பதினாறு பதினேழு மடங்கு அமுக்கி அந்த சூட்டுலயே டீசல் பத்திக்குது, அதனால கடகடன்னு ஒரு சத்தம் அதோட பிறவிக் குணம். டீசலை அதிக அழுத்தத்துல தெளிக்கிற காமன் ரெயில் முறை வந்தப்புறம் மெயின் டீசலுக்கு முன்னாடி ஒரு சின்ன சொட்டை தெளிச்சு பத்தவச்சுக்கறதால அந்த சத்தம் நிறைய அடங்குச்சு. 2020 வரைக்கும் ஸ்விஃப்ட், டிசையர்ல வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இப்பவும் நம்ம ரோட்டுல நிறைய ஓடுது, அது வர்ற சத்தம் முழுக்க கோளாறுன்னு நினைக்க வேணாம். வழக்கமான சத்தத்தை விட ஒரு சிலிண்டர் மட்டும் தனியா கூர்மையா அடிக்குதுன்னாதான் இன்ஜெக்டரைப் பாக்க சொல்லணும்.

கீச்சுனு கத்துற சத்தம் வந்தா அது பெரும்பாலும் ஃபேன் பெல்ட், உயிர்போற விஷயம் இல்ல. மழைக்காலத்துல காலைல ஸ்டார்ட் பண்ணதும், ஏசி போட்டதும், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வண்டில ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சதும் வரும். வீட்லயே ஒரு சோதனை பண்ணலாம். ஐடிலிங்ல, பெல்ட்டோட பள்ளம் இருக்கற உள் பக்கத்துல ஸ்ப்ரே பாட்டில்ல கொஞ்சம் தண்ணி அடிங்க, சத்தம் ஒரு நிமிஷம் நின்னு திரும்ப வந்தா புல்லி நேர்கோட்டுல இல்ல, இல்லன்னா பெல்ட் தேஞ்சிருக்கு. தண்ணி பட்டதும் சத்தம் கூடுனா பெல்ட் லூசா இருக்கு, டென்ஷன் பாக்கணும். இதைப் பண்றப்ப துப்பட்டா, சேலை முந்தானை, தொங்குற டேக், எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது, ரேடியேட்டர் ஃபேன் எப்ப வேணாலும் திடீர்னு சுத்தும், பல கார்ல இன்ஜின் ஆஃப் ஆனப்புறமும் சுத்தும். சிலர் பெல்ட்ல சோப்பு தேய்ப்பாங்க, அது அப்போதைக்கு சத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு, இப்ப வர்ற பெல்ட் ரப்பர் பழசு மாதிரி வெடிப்பு விடாது, வெடிப்பு இல்லையேன்னு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிராதீங்க, பள்ளம் தேய்ஞ்சிருக்கான்னு பாக்கணும்.

பெல்ட் நல்லா இருந்தும் கிர்ர்ர்னு அரைக்கிற சத்தம் வந்தா அந்தப் பெல்ட் சுத்துற ஏதோ ஒரு பேரிங். ஆல்டர்னேட்டர், அதாவது பழைய ஆட்கள் டைனமோன்னு சொல்றது, வாட்டர் பம்ப், ஐட்லர் புல்லி, ஏசி கம்ப்ரசர். மெக்கானிக் பெல்ட்டைக் கழட்டிட்டு சில செகண்ட் மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பாப்பாரு, சத்தம் காணோம்னா இன்ஜின் மேல பழி இல்ல, அப்புறம் ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்திப் பாத்தா சொரசொரப்பா சுத்துறது மாட்டிக்கும். அதுல வாட்டர் பம்ப் மட்டும் அவசரம், ஏன்னா அது நின்னா இன்ஜின் கொதிச்சிரும். பம்ப் பக்கத்துல கூலன்ட் காஞ்ச கறை இருந்தா காத்திருக்காதீங்க.

டப்பெட்டுன்னு ஏமாத்துற ஒரு சத்தமும் உண்டு, இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற மேனிஃபோல்டு குழாயோட பேக்கிங் போயி புகை கசியுறது. இதுவும் டிக் டிக்னுதான் வரும், ஆனா குளிர்ல அதிகமா இருந்து, இரும்பு சூடாகி விரிஞ்சதும் குறையும், ஜாயின்ட்ல கருப்பா புகைக்கரி படிஞ்சிருக்கும். சத்தம் சின்னதுன்னு விட்டுராதீங்க, அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, மணமே கிடையாது, ஏசி போட்டு கண்ணாடி ஏத்திட்டு போறப்ப உள்ள வந்தா தெரியவே தெரியாது. அடியில தகரம் அதிர்ற மாதிரி ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் வந்தா சைலன்சர் சூட்டை மறைக்கிற தகரமான ஹீட் ஷீல்டோட போல்ட் லூசு, ரெண்டு நிமிஷ வேலை. கியர் போடுறப்ப, ரிவர்ஸ் எடுக்கறப்ப டம்முனு ஒரு இடி, கூடவே ஸ்டீயரிங் வரைக்கும் அதிர்வுன்னா இன்ஜினைத் தாங்குற ரப்பர், அதாவது இன்ஜின் மவுண்ட். உஸ்ஸ்னு காத்து உறிஞ்சுனா ஏதோ ஹோஸ் விட்டிருக்கு, சர்வீஸ்ல ஏர் ஃபில்டர் டப்பா கிளிப்பை சரியா மாட்டாம விட்டாலும் இன்ஜின் திடீர்னு சத்தமா கேக்கும், கையால அமுக்கிப் பாத்தாலே தெரியும்.

புதுக் கார் வாங்குனவங்க நிறைய பேர் நல்லா இருக்கற சத்தத்துக்கே பயந்துக்குறாங்க. பெட்ரோல் இன்ஜெக்டர் டிக் டிக்னு லேசா அடிக்கிறது சகஜம், நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தெளிக்கிற இன்ஜின்ல இன்னும் நல்லாவே கேக்கும். ஏசி கம்ப்ரசர் கிளட்ச் டக்குனு ஒட்டுறதும் விடுறதும், அப்ப ஐடிலிங் லேசா மாறுறதும் இயல்புதான். மூணு சிலிண்டர் இன்ஜின்னா நாலு சிலிண்டர் அளவுக்கு அமைதியா ஐடிலிங் ஆகாது, அதோட அமைப்பே அப்படி. ஆனா திடீர்னு நடுங்க ஆரம்பிச்சு, செக் இன்ஜின் லைட் சிமிட்டுச்சுன்னா அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல சரியா எரியல, பிளக்கோ காயிலோ பாக்கணும், அதோட ஓட்டுனா எரியாத பெட்ரோல் போயி, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துரும்.

மெக்கானிக்கிட்ட போறப்ப ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு போங்க, காலைல குளிர்ந்த ஸ்டார்ட்டை பானெட் திறந்து வச்சு ஒண்ணு, சூடானப்புறம் ஒண்ணு. முடிஞ்சா ராத்திரியே வண்டியை அங்க விட்டுட்டு வந்து காலைல அவரையே மொத ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க. பழைய கார் வாங்கப் போறப்பவும் இதேதான். நீங்க வர்றதுக்கு முன்னாடியே சிலர் வண்டியை ஓட்டி சூடாக்கி வச்சிருவாங்க, செயின் சத்தம், பிஸ்டன் சத்தம் எல்லாம் அதுல அடங்கிப் போயிருக்கும். போனதும் பேச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பானெட் மேல கையை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா நாளைக்கு காலைல வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க.